மருந்துப் பட்டியலைச் சரிபார்த்துக் கொடுப்பதோடு நம் வேலை முடிந்துவிடுகிறதா?

#1 இரவுப்பணி

வணக்கம். பதினோரு வருடமாக வார்டில் மருந்தாளுநராக இருக்கிறேன். போன வாரம் எங்கள் குழுவில் சில ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்ந்து படித்தோம். படித்ததிலிருந்து ஒரு கேள்வி மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

வயதானவர்கள் எட்டு, பத்து மாத்திரை சாப்பிடுகிறார்கள். ஒரு மருந்தாளுநர் உட்கார்ந்து அந்தப் பட்டியலை அலசி, தேவையில்லாததைக் குறித்துக் கொடுத்தால் அவர்களுக்கு நல்லது நடக்கும் என்று நம்பித்தான் நாம் இந்த வேலையைச் செய்கிறோம். சரி, ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2005இல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஹோமர் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பிய, 80 வயதைத் தாண்டிய 872 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினரின் வீட்டுக்கு மருந்தாளுநர் இரண்டு முறை போனார். மருந்துகளை விளக்கினார், காலாவதியானதை அப்புறப்படுத்தினார், பிரச்சினை தெரிந்தால் மருத்துவருக்குத் தெரிவித்தார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், மருந்தாளுநர் போகாத குழுவில் 178 முறை மருத்துவமனையில் சேர்ந்திருந்தார்கள். போன குழுவில் 234 முறை.

அது பழைய கதை என்றால், 2021இல் வந்த ஆப்பரம் ஆய்வு இருக்கிறது. சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து, பெல்ஜியம், அயர்லாந்து ஆகிய நான்கு நாடுகளில், 70 வயதைத் தாண்டி பல நோய்களும் பல மருந்துகளும் கொண்ட 2008 பேர். மென்பொருள் உதவியோடு மருத்துவரும் மருந்தாளுநரும் சேர்ந்து பட்டியலை அலசினார்கள். ஒரு வருடத்துக்குள் மருந்து காரணமாக மருத்துவமனைக்கு வந்தவர்கள் அந்தக் குழுவில் 21.9 சதவீதம், வழக்கமான சிகிச்சைக் குழுவில் 22.4 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

படித்துவிட்டு என்னுடைய பழைய பரிந்துரைக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். நான் வேலை செய்த ஒரு மருத்துவமனையில், ஒவ்வொரு கோப்பிலும் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் அதற்குக் கீழே எதுவுமே இல்லை. மருந்தும் மாறவில்லை, மாற்றாததற்குக் காரணமும் இல்லை. நோயாளி வீட்டுக்குப் போய்விட்டார். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

எங்கே தவறுகிறது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

#2 மூன்றாமாண்டு

நான் பார்மசி மாணவன். ஒரு சந்தேகம். ஹோமரில் ஏன் எண்ணிக்கை கூடியது? மருந்தாளுநர் போனதால் கெடுதல் நடந்ததா?

#3 இரவுப்பணி

நல்ல கேள்வி தம்பி. எண்ணிக்கையைப் பார்த்தவுடன் கெடுதல் என்று முடிவுகட்ட முடியாது. இறந்தவர்கள் மருந்தாளுநர் போன குழுவில் 49, போகாத குழுவில் 63. புள்ளியியல்படி அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவு வித்தியாசம்தான், ஆனாலும் அந்தக் குழு மோசமாகிவிடவில்லை என்பதாவது தெரிகிறது.

ஆய்வாளர்களே சில காரணங்களை யோசித்திருக்கிறார்கள். எச்சரிக்கை அறிகுறிகளை விளக்கியதால் மக்கள் சீக்கிரமே உதவி தேடிப் போயிருக்கலாம். ஒழுங்காக மருந்து சாப்பிடத் தொடங்கியதால் பக்கவிளைவு கூடியிருக்கலாம். ஏற்கெனவே குழம்பிப்போன ஒரு முதியவரிடம் இன்னொரு ஆள் வந்து பேசியதில் குழப்பமும் பயமும் அதிகமாகியிருக்கலாம். இந்த மூன்றாவது காரணம்தான் என்னைச் சுடுகிறது. பத்து நிமிடத்தில் ஒன்பது மருந்தையும் விளக்கிவிட்டு நகர்ந்த நாட்கள் எனக்கும் உண்டு.

#4 கல்மணி

கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், மாணவர்களின் ஆய்வுகளுக்கு வழிகாட்டியாகவும் இருக்கிறேன். இரவுப்பணி சொன்ன இரண்டு ஆய்வுகளோடு மூன்றாவது ஒன்றையும் சேர்த்துப் படித்தால்தான் படம் முழுதாகும் என்று நினைக்கிறேன்.

டென்மார்க்கில் நடந்த ஆப்டிமிஸ்ட், 2018. ஐந்தோ அதற்கு மேலோ மருந்து சாப்பிடும் 1467 நோயாளிகள், நான்கு மருத்துவமனைகள். இவர்கள் செய்த புத்திசாலித்தனம், மூன்று குழுவாகப் பிரித்தது. முதல் குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. இரண்டாவது குழுவுக்கு மருந்தாளுநர் பட்டியலை அலசி மருத்துவரிடம் பரிந்துரை கொடுத்தார், அவ்வளவுதான். மூன்றாவது குழுவுக்கு அதே அலசலோடு, மருந்துகளைப் பற்றி நோயாளியோடு உட்கார்ந்து ஊக்கமூட்டும் உரையாடல், குடும்ப மருத்துவரோடும் பக்கத்து மருந்தகத்தோடும் தொடர்பு, வீட்டுக்குப் போன பிறகு தொலைபேசியில் விசாரிப்பு.

இரண்டாவது குழுவுக்குப் பலன் தெரியவில்லை. மூன்றாவது குழுவில் முதல் 30 நாளுக்குள் மருத்துவமனைக்குத் திரும்ப வருவது சுமார் 38 சதவீதம் குறைந்தது, 180 நாள் கணக்கில் சுமார் 25 சதவீதம்.

அதாவது, ஒரே மருந்தாளுநர், ஒரே அலசல். பட்டியலைத் திருத்திக் கொடுத்துவிட்டு விலகினால் ஒன்றும் நடக்கவில்லை. கூடவே போனால் நடந்தது. உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த நேரான பதில் இதுதான்.

#5 இரவுப்பணி

இரண்டாவது குழுவின் மருந்தாளுநர்தான் நான். இத்தனை வருடமாக.

#6 வெள்ளைத்தாள்

பொது மருத்துவராக இருக்கிறேன். மருந்தாளுநர்களின் குறிப்புகளைப் பெறும் பக்கத்திலிருந்து கொஞ்சம் பேசலாமா?

ஒரு நாளில் என் கண்ணில் படும் எச்சரிக்கைகளுக்குக் கணக்கே இல்லை. கணினி ஒரு பக்கம் சிவப்புப் பெட்டி காட்டுகிறது, ஆய்வகம் ஒரு பக்கம், கோப்பில் குறிப்புகள் ஒரு பக்கம். அதில் 'இந்த மருந்தை மறுபரிசீலனை செய்யலாம்' என்று ஒரு வரி இருந்தால், நேர்மையாகச் சொல்கிறேன், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிவிடுவேன். ஆப்பரமில்கூட, குறைந்தது ஒரு பரிந்துரையாவது இரண்டு மாதத்தில் நடைமுறைக்கு வந்தது 62 சதவீதம் பேருக்குத்தான்.

அதே நேரத்தில் ஒரு மருந்தாளுநர் நேரில் வந்து, 'டாக்டர், இவருக்குக் கால் வீக்கம் பிபி மாத்திரை ஆம்லோடிபின் ஆரம்பித்த பிறகுதான் வந்திருக்கிறது. வீக்கத்துக்கு, நீரை வெளியேற்றும் ஃபுரோசமைடு போட்டிருக்கிறோம். முதலில் ஆம்லோடிபினைக் குறைத்துப் பார்க்கலாமா? வியாழக்கிழமை நானே பிபி பார்த்துச் சொல்கிறேன்' என்றால் என்னால் மறுக்கவே முடியாது. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து இன்னொரு மருந்து போடுவது நாங்கள் தெரியாமல் அடிக்கடி செய்யும் தவறு. ரோஷோன், கர்விட்ஸ் என்ற இருவர் 1990களிலேயே இந்தச் சங்கிலியைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஆம்லோடிபின், வீக்கம், ஃபுரோசமைடு, அப்புறம் பொட்டாசியம் குறைவு, அதற்கொரு சிரப், யூரிக் அமிலம் ஏறி மூட்டுவலி, அதற்கொரு வலி மாத்திரை. அந்த வலி மாத்திரை பிபியை ஏற்றிவிடும். சுற்றிச் சுற்றி முதல் இடத்துக்கே வந்து நிற்போம்.

பிரிட்டனில் 72 மருத்துவ மையங்களில் நடந்த பின்சர் ஆய்வும் (2012, லான்செட்) இதே பாடம்தான். ஒரு பாதி மையங்களுக்கு ஆபத்தான மருந்துச் சேர்க்கை உள்ள நோயாளிகளின் பட்டியலைக் கணினி கொடுத்தது. மறு பாதிக்குப் பட்டியலோடு ஒரு மருந்தாளுநரும் வந்து கூடவே வேலை செய்தார். ஆறு மாதத்தில், குடல்புண் வந்தவர்களுக்குப் பாதுகாப்பு மாத்திரை இல்லாமல் வலி மாத்திரை எழுதுவது போன்ற தவறுகள் இரண்டாவது வகை மையங்களில் தெளிவாகக் குறைவாக இருந்தன.

எனக்கு இருபது பரிந்துரை வேண்டாம். முதலில் எதை மாற்ற வேண்டும், மாற்றினால் யார் கவனிப்பார்கள். இந்த இரண்டும் போதும்.

#7 அந்திமழை

நான் உங்கள் துறை இல்லை. என் அம்மாவுக்காக இந்த இழையைப் படிக்கிறேன். அம்மாவுக்கு 76 வயது, பதினொரு மாத்திரை. அதில் ஒரு தூக்க மாத்திரை, அப்பா இறந்தபோது ஆரம்பித்தது, ஒன்பது வருடம் ஆகிறது. ஆறு மாதத்தில் இரண்டு முறை விழுந்துவிட்டார். நிறுத்தலாமா என்று கேட்டால் அம்மா அழுகிறார். அது இல்லாமல் தூங்கவே முடியாது என்கிறார். வேறு யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. கால் வீக்கத்துக்கும் ஒரு மாத்திரை இருக்கிறது, டாக்டர் சொன்னதைப் படித்ததும் திக்கென்று இருந்தது.

#8 இரவுப்பணி

அந்திமழை, முதலில் ஒன்று. தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். அது பென்சோடையசெபைன் வகையாக இருந்தால், பல வருடம் சாப்பிட்டதை ஒரே நாளில் விட்டால் நடுக்கம், கடும் பதற்றம், சிலருக்கு வலிப்புகூட வரலாம். கால் வீக்க மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். இதயம், சிறுநீரகம் போன்ற வேறு காரணங்களுக்காகவும் அதைக் கொடுத்திருக்கலாம்.

தூக்க மாத்திரையை விடவே முடியாது என்று அம்மா சொல்வது பொய்யில்லை. ஒரு நாள் சாப்பிடாமல் பார்த்திருப்பார், தூக்கம் போயிருக்கும். அது பழைய தூக்கமின்மை திரும்பியதாக இல்லாமல், உடல் அந்த மருந்துக்குப் பழகியதன் விளைவாகவும் இருக்கலாம். அந்த வித்தியாசத்தை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதற்கென்றே ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. கனடாவில் நடந்த எம்பவர், 2014. பல காலமாக இந்த மாத்திரை சாப்பிட்டுவந்த 65 வயதைத் தாண்டிய 303 பேர். அவர்களுக்கு ஒரு கையேடு கொடுத்தார்கள். உள்ளே எளிய கேள்விகள், இந்த மாத்திரையால் விழும் ஆபத்தும் மறதியும் எப்படி வருகின்றன என்ற விளக்கம், தன்னைப் போல ஒருவர் மாத்திரையை விட்ட கதை, கடைசியில் ஒரு படம். அந்தப் படத்தில் முழு மாத்திரை, அரை, கால் என்று 21 வாரத்துக்குப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போகும் அட்டவணை. ஆறு மாதத்தில் கையேடு கிடைத்தவர்களில் 27 சதவீதம் பேர் முற்றிலும் விட்டிருந்தார்கள். கிடைக்காதவர்களில் 5 சதவீதம். மேலும் 11 சதவீதம் பேர் அளவைக் குறைத்திருந்தார்கள்.

அதே குழு 2018இல் இன்னும் ஒரு படி போனது. டி-பிரிஸ்கிரைப் என்ற ஆய்வில் கையேடு நோயாளிக்கும், ஆதாரத்தோடு எழுதிய கருத்துக் கடிதம் மருத்துவருக்கும் மருந்தகத்திலிருந்தே போனது. 69 மருந்தகங்கள், 489 பேர். தூக்க மாத்திரை மட்டுமின்றி வேறு மூன்று வகை மருந்துகளும் சேர்ந்த கணக்கு இது: நிறுத்தியவர்கள் 43 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 12 சதவீதம்.

எல்லோராலும் முடியவில்லை என்பதையும் கவனியுங்கள். பாதிக்கு மேல் பேரால் முடியவில்லை. அம்மாவுக்குக் கொஞ்சம் குறைந்தாலே அது பெரிய விஷயம்.

எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். விழுந்ததை முதலில் சொல்லுங்கள். அதைத்தான் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

#9 மூன்றாமாண்டு

மருந்து எந்த ஏற்பியில் போய் ஒட்டுகிறது, எத்தனை மணி நேரத்தில் பாதியாகிறது எல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். ஆனால் அந்திமழையின் அம்மா என் முன்னால் உட்கார்ந்து அழுதால் என்ன சொல்வது என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. டாக்டரிடம் எப்படிப் பேசுவது என்பதும் தெரியாது. பயிற்சியில் ஒருமுறை ஒரு தவறைக் கண்டுபிடித்தேன், சொல்லப் பயந்து பேசாமல் இருந்துவிட்டேன். நல்லவேளை, செவிலியர் அக்கா கவனித்துவிட்டார். இன்றுவரை அது உறுத்துகிறது.

#10 கல்மணி

இதைத் துணிந்து சொன்னதற்கு நன்றி. அந்தப் பயத்துக்கு நாங்கள் ஆசிரியர்களும் பொறுப்பு.

ஜார்ஜ் மில்லர் 1990இல் மருத்துவக் கல்விக்கு ஒரு பிரமிடு வரைந்தார். அடியில் 'தெரியும்', அதற்கு மேல் 'எப்படி என்று தெரியும்', அதற்கு மேல் 'செய்து காட்டுவார்', உச்சியில் 'வேலையில் செய்கிறார்'. நம் தேர்வுத்தாள்கள் முக்கால்வாசி அடித்தட்டிலேயே நிற்கின்றன. மூன்றாவது தட்டைச் சோதிக்க ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975இல் வெளியிட்ட ஆஸ்கி தேர்வு. மாணவர் நிலையம் நிலையமாகப் போவார், ஒவ்வொன்றிலும் சில நிமிடம், நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் இருப்பார், ஆசிரியர் கையில் மதிப்பீட்டுத் தாள்.

போன பருவத்தில் அப்படி ஒரு நிலையத்தில், அவசரத்தில் இருக்கும் மருத்துவருக்கு ஒரு நிமிடத்துக்குள் தொலைபேசியில் பிரச்சினையைச் சொல்ல வேண்டும் என்று வைத்தேன். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் மாணவி நோயாளியின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். நேரம் முடிந்துவிட்டது, விஷயத்துக்கு வரவே இல்லை. மூன்றாவது முயற்சியில் முதல் வாக்கியத்திலேயே சொன்னாள்: 'சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறது, இந்த டோஸ் அதிகம், பாதியாக்கச் சொல்கிறேன்.' அவ்வளவுதான் பயிற்சி. மூன்று முயற்சி.

இன்னொன்று, நோயாளியிடம் 'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள். எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். 'நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும், வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள்' என்று கேளுங்கள்.

#11 கரையோரம்

மருந்தகத்தில் இருக்கிறேன். எல்லோரும் சொல்வது சரி, ஆனால் எங்களுக்கு ஏது நேரம்? கவுண்டரில் பத்துப் பேர் நிற்கும்போது ஒருவரோடு ஊக்கமூட்டும் உரையாடல் நடத்த முடியுமா? டென்மார்க்கில் ஆய்வுக்காகத் தனி ஆள் வைத்திருப்பார்கள். இங்கே நான் ஒருத்தி.

#12 கல்மணி

நியாயமான கேள்வி. அளவில் சிறிய ஒரு வழியும் சோதிக்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தில் 2011இல் தொடங்கிய புதிய மருந்துச் சேவை. ஆஸ்துமா, சர்க்கரை, பிபி, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து போன்ற சிலவற்றைப் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு மட்டும்தான் அந்தச் சேவை தொடங்கப்பட்டது. மருந்து வாங்கி ஒன்று இரண்டு வாரத்தில் ஒரு சிறிய பேச்சு, இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி ஒன்று. தொலைபேசியிலும் பேசலாம். 504 பேரை வைத்து நடந்த ஆய்வில், பத்தாவது வாரத்தில் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் இந்தச் சேவை பெற்றவர்களில் சுமார் 71 சதவீதம், பெறாதவர்களில் 61.

கவுண்டரில் நிற்கும் பத்துப் பேரிடமும் பேச வேண்டியதில்லை. இன்று புது மருந்து ஆரம்பிப்பவர் யார் என்று மட்டும் பாருங்கள். முதல் சில வாரத்தில்தான் பலர் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

#13 வெள்ளைத்தாள்

அதோடு ஒன்று. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை விட்டுவிட்டேன், தசை வலிக்கிறது என்று வருபவர்களிடம் நான் சாம்சன் ஆய்வைச் சொல்வேன். 2020இல் வந்தது. பக்கவிளைவால் ஸ்டாட்டினை விட்ட 60 பேர். பன்னிரண்டு புட்டிகள், மாதம் ஒன்று. நான்கில் ஸ்டாட்டின், நான்கில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, நான்கு காலிப் புட்டி. தினமும் தொந்தரவுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டார்கள். மாத்திரை இல்லாத மாதங்களில் சராசரி 8, வெற்று மாத்திரையில் 15.4, ஸ்டாட்டினில் 16.3. தொந்தரவு பொய்யில்லை, உண்மையாகவே இருந்தது. ஆனால் அதில் பெரும்பகுதி மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற எண்ணத்திலிருந்தே வந்தது. தங்கள் கணக்கைத் தாங்களே பார்த்த பிறகு பாதிப் பேர் மறுபடி ஆரம்பித்தார்கள். அறிவுரையைவிட அவரவரே பதிந்த கணக்கு வேலை செய்தது.

#14 மூன்றாமாண்டு

கல்மணி மேடம், அடுத்த பருவம் எனக்கு ஆய்வு ஒப்படைப்பு. பிபி நோயாளிகளுக்கு விளக்கம் கொடுத்து, முன்னும் பின்னும் கேள்வித்தாள் வைத்து, பிபியும் அளந்து பார்க்கலாம் என்று இருந்தேன். இதெல்லாம் படித்த பிறகு தயக்கமாக இருக்கிறது.

#15 கல்மணி

தயக்கம் நல்லது. இந்த வடிவத்தில் பிபி கட்டாயம் குறையும். அதனால்தான் அதை நம்ப முடியாது.

2018இல் வந்த லாஸ் ஏஞ்சலிஸ் முடிதிருத்தகங்களின் ஆய்வைப் பாருங்கள். ரொனால்ட் விக்டர் தலைமையில் நடந்தது. பிபி கட்டுப்படாத 319 கறுப்பின ஆண்கள், 52 முடிதிருத்தகங்கள். ஒரு குழுவில் மருந்தாளுநரே கடைக்கு வந்து, மருத்துவர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி மருந்தை எழுதி, மாற்றி, தொடர்ந்து பார்த்தார். இன்னொரு குழுவில் முடிதிருத்துபவர் பழக்கவழக்கங்களைப் பற்றிப் பேசி, மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். ஆறு மாதத்தில் மருந்தாளுநர் குழுவில் மேல் அழுத்தம் 27 குறைந்தது. ஒப்பீட்டுக் குழுவில் என்ன ஆயிற்று? அங்கும் 9.3 குறைந்தது.

அந்த ஒப்பீட்டுக் குழுவை மட்டும் தனியாக, முன்னும் பின்னும் அளந்திருந்தால், 'முடிதிருத்துபவரின் அறிவுரையால் பிபி ஒன்பது குறைந்தது' என்று கட்டுரை வந்திருக்கும். அளவு உச்சத்தில் இருக்கும்போது ஆளைச் சேர்க்கிறோம், அடுத்த முறை அது தானாகவே சராசரியை நோக்கி இறங்கும். கவனிக்கிறார்கள் என்று தெரிந்தாலே மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவார்கள். இதையெல்லாம் நம் விளக்கத்தின் வெற்றி என்று எழுதிவிடுகிறோம்.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிடவைக்கும் முயற்சிகளைப் பற்றி 2014இல், ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு ஒரு தொகுப்பு வெளியிட்டது. 182 ஆய்வுகளில் பிழைக்கு இடம் குறைவாக இருந்தவை வெறும் 17. அந்தப் பதினேழில், மருந்துப் பழக்கம், நோயின் நிலை இரண்டுமே முன்னேறியவை ஐந்து. நான் வழிகாட்டிய பல ஒப்படைப்புகளும் மீதிக் கூட்டத்தைச் சேர்ந்தவைதான். மாணவர் ஆறு மாதம் உழைக்கிறார், நோயாளி நேரம் கொடுக்கிறார், கடைசியில் 'அறிவு மதிப்பெண் உயர்ந்தது' என்று முடிக்கிறோம். அதற்காக வருந்துகிறேன்.

உங்களுக்கு என் யோசனை, சிறியதாகச் செய்யுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு குழுவுக்கு மூன்றாம் நாளும் பதினான்காம் நாளும் ஒரு தொலைபேசி அழைப்பு. கடைசியில் மாத்திரையை எண்ணுங்கள். யார் எண்ணுகிறார்களோ அவருக்கு எந்தக் குழு என்று தெரியக்கூடாது. பலன் இல்லை என்று வந்தாலும் அப்படியே எழுதுங்கள், நான் மதிப்பெண் குறைக்கச் சொல்ல மாட்டேன்.

#16 கரையோரம்

மூன்று வாரமாகப் புது மருந்து ஆரம்பிப்பவர்களின் எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைத்து, மதியம் கூட்டம் குறையும்போது கூப்பிடுகிறேன். நேற்று ஒருவர் இன்ஹேலரை ஒரு முறைகூடப் பயன்படுத்தவில்லை என்றார். மூடியைக் கழற்ற வேண்டும் என்று தெரியாமல் அழுத்திப் பார்த்துவிட்டு, கெட்டுப்போனது என்று வைத்துவிட்டாராம்.

#17 அந்திமழை

எல்லோருக்கும் நன்றி. பையோடு போனோம். டாக்டர் எல்லாவற்றையும் மேசையில் கொட்டிப் பார்த்தார். ஒரே மாத்திரை இரண்டு பெயரில் இருந்தது, அதை அங்கேயே எடுத்துவிட்டார். கால் வீக்கத்தைப் பற்றிச் சில பரிசோதனை எழுதியிருக்கிறார், முடிவு வந்த பிறகு பார்க்கலாம் என்றார்.

தூக்க மாத்திரையைப் பற்றி அம்மாவிடம் அவர் நேரடியாகப் பேசவில்லை. அங்கிருந்த மருந்தாளுநரிடம் அனுப்பினார். அந்தப் பெண் முதலில் அப்பாவைப் பற்றிக் கேட்டார். அம்மா அரை மணி நேரம் பேசினார். அப்புறம் ஒரு தாளில் வட்டங்கள் வரைந்து, முழு வட்டம், முக்கால் வட்டம் என்று காட்டினார். அம்மா அந்தத் தாளைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். இரண்டாவது வாரம் நடக்கிறது. இரண்டு இரவு சரியாகத் தூங்கவில்லை. மருந்தாளுநர் வெள்ளிக்கிழமை கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார், அம்மா போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

#18 இரவுப்பணி

கூப்பிட்டதும் இங்கே எழுதுங்கள். நானும் நேற்று டிஸ்சார்ஜ் ஆன நாலு பேரின் எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன்.